பத்தாவது தொங்கல்

சிப்பிமுனை உப்பளத்துப் பெண்கள் லண்டன் மணிக்கூண்டின் நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய அந்த வருடம்தான், பதினோரு வருடமாகத் திரும்பி வராத இன்னாசிமுத்து மோத்தாவை உயிரோடு இருப்பவராக வைத்துக்கொள்வதா, இறந்தவராக எழுதிவிடுவதா என்ற பேச்சும் கோயில் கமிட்டியில் முற்றி, அவர் மனைவி அமலோற்பவத்துக்கு ஆகஸ்ட் பதினான்காம் தேதி காலைவரை கெடு வைக்கப்பட்டது. இரண்டும் வேறு வேறு சங்கதி என்று ஊர் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தது. ஊர் அப்படித்தான், கண்ணெதிரே கிடப்பதைக் கடைசியாகத்தான் பார்க்கும்.

சிப்பிமுனை மாதா கோயிலில் இரண்டு நோட்டுகள் உண்டு. நீல அட்டை போட்டது கடலில் இருப்போர் நோட்டு. அதிலுள்ள பெயர்களை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிவில் சாமியார் வாசிப்பார், ஊர் முழங்காலில் நின்று கேட்கும். கறுப்பு அட்டை போட்டது கடலில் மாண்டோர் நோட்டு, அது வருடத்துக்கு ஒரு முறை, ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழாவன்று வாசிக்கப்படும். ஒரு பெயர் இரண்டிலும் இருக்கக்கூடாது. கறுப்பு நோட்டுக்குப் போனவருக்குச் சடலம் கிடைக்காவிட்டாலும் ஒரு பெட்டி செய்து, அதில் அவர் சட்டையை மடித்து வைத்துப் புதைக்க வேண்டும். நல்லபடியாக வீடு திரும்பியவருடைய பெயரையோ அவர் மனைவியே வந்து, "கரையேறிட்டார், சாமி" என்று சொல்லி, சிவப்புப் பென்சிலால் தன் கையால் அடிப்பாள். அதற்குமேல் அவளிடம் ஒரு கேள்வி கேட்க பிஷப் ஆண்டவருக்கே உரிமை கிடையாது. அடித்த அன்று அவள் பாசிப்பயறுப் பாயசம் காய்ச்சுவாள், முதல் டம்ளரைக் கரையேறியவர் குடிப்பார், மீதி ஊருக்கு.

அமலோற்பவம் ஒன்பது முறை அந்தப் பென்சிலைப் பிடித்தவள். இன்னாசிமுத்து சரக்குக் கப்பலில் சமையல்காரர், கப்பல்காரர்கள் பாஷையில் பண்டாரி. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு துறைமுகத்தில் இறங்கி, சுண்டுவிரல் நகமளவு தங்கத்தில் செய்த ஒரு கட்டடத்தை வாங்கி வருவார், அவள் கைச்சங்கிலியில் கோர்த்துத் தொங்க விடுவார், எந்த ஊர், என்ன கட்டடம் என்று மட்டும் சொல்லமாட்டார். "கண்டுபிடி. நான் அடுத்த கப்பல் ஏறுறதுக்குள்ள நீ கண்டுபிடிச்சிட்டா, இருக்கிற நாள் பூரா நாந்தான் சமையல்." அவள் நூலகத்தில் உட்கார்ந்து படங்களைப் புரட்டுவாள், பிஸ்கட் டப்பாக்களையும் தபால்தலைகளையும் காலண்டர்களையும் பார்ப்பாள், தையல் கடை பூதக்கண்ணாடியை இரவல் வாங்கி ஜன்னல் ஜன்னலாக எண்ணுவாள். ஒன்பதையும் கண்டுபிடித்தாள். ஒன்பது விடுமுறையும் அவர்தான் சமைத்தார்.

பத்தாவது தொங்கல் ஆள் கையில் வரவில்லை, தபாலில் வந்தது. உள்ளே கடுதாசி இல்லை, உறைமேல் இருந்த முத்திரை மழையில் ஊறி நீலக் கறையாகிப் போயிருந்தது. அடுத்த மாதம் கப்பல் கம்பெனியிலிருந்து இரண்டு வரி வந்தது: பண்டாரி கரையில் இறங்கினார், கப்பல் கிளம்பியபோது ஏறவில்லை. எந்தத் துறைமுகம் என்று கேட்டு அவள் எழுதிய கடிதங்களெல்லாம், கம்பெனி மூடப்பட்டது என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. அன்றிலிருந்து அவள் உப்பளத்துக்குக் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போய்ப் பிழைத்தாள், ஞாயிறுதோறும் நீல நோட்டில் அவர் பெயர் வாசிக்கக் கேட்டாள், அந்தப் பத்தாவது கட்டடத்தை மட்டும் பதினோரு வருடமாகக் கண்டுபிடிக்க முடியாமல் கையில் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், உப்பு வாரும் உலகம்மாள் கஞ்சி டம்ளரை வாங்கிக்கொண்டே, "யக்கா, இத்தனை வருசமா பாக்கேன், கையில குட்டி குட்டியா தொங்குதே, அதெல்லாம் என்னதுக்கா?" என்று கேட்டாள். அமலோற்பவம் முதல் தொங்கலைத் தொட்டு, "இது லண்டன் மணிக்கூண்டு" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அவர்கள் நின்றிருந்த பாத்தியிலிருந்து மேற்கே உப்பு அம்பாரம் வரைக்கும், அகலமாய், நீளமாய், உச்சியில் கூர்மையாய், மணிக்கூண்டின் நிழல் விழுந்தது. மேலே வானத்தில் கூண்டும் இல்லை, மேகமும் இல்லை. உலகம்மாள் அண்ணாந்து ஒருதரம் பார்த்தாள், ரப்பர் செருப்பைக் கழற்றி நிழலில் கால் வைத்துப் பார்த்தாள், பிறகு திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்து, "ஏட்டி, எல்லாரும் வாங்கட்டி, குளுகுளுன்னு இருக்கு" என்று கூப்பிட்டாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நிழல் என்பது எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளும் பொருள்தான். இத்தனை வருடமாக ஏன் விழவில்லை என்பதற்கு மட்டும், வீட்டுக்குள் வைத்துச் சொன்னதால் விழ இடமில்லாமல் இருந்திருக்கும் என்று ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து அதோடு விட்டது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "லண்டன்ல இப்ப வெயில் ஏறியே இருக்காதே, நிழல் எப்படி வரும்?" என்று கேட்டார். "சார், வெயில்ல நின்னு யோசிச்சா மண்டைதான் காயும். உள்ள வந்து உக்காந்து யோசிங்க" என்றாள் உலகம்மாள். வாத்தியார் வந்து உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனார்.

தொங்கலைத் தொட்டுச் சரியான பெயரைச் சொன்னால் நிழல் விழும், உள்ளங்கையில் பொத்தினால் போய்விடும். பாரீஸ் இரும்புக் கோபுரத்தின் நிழல் வலையாக, முழுக்க ஓட்டையாக விழுந்தது, உடம்பெல்லாம் கட்டம் போட்ட வெயில், எதற்கும் உதவாது என்று பெண்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். பைசா கோபுரம் சரிந்து விழுந்ததால் அதற்குத் தக்கபடி எல்லோரும் வளைந்து உட்கார வேண்டியிருந்தது. சிட்னியில் பாய் விரித்த மாதிரி நிற்கும் கட்டடத்தை மீன்பிடிக்கப் போகிறவர்கள் விரும்பினார்கள். ரங்கூன் பகோடாவின் நிழல்தான் எல்லாவற்றிலும் குளிர்ச்சி, கர்ப்பிணிப் பெண்களுக்கு அது என்று பேசாமலே ஒரு வழக்கம் உண்டானது. நிழலில் உப்பு விளையாது என்று அளத்து முதலாளிகள் சண்டைக்கு வந்தார்கள், நிழல் இல்லாமல் நாங்கள் விளையமாட்டோம் என்று பெண்கள் பதில் சொன்னார்கள், கடைசியில் கிழக்கு மூலையில் கைவிட்டுக் கிடந்த பாழ்பாத்தியில் மட்டும், பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரைவரை நிழல் விழலாம் என்று பேசி முடிவானது.

கட்டடத்தோடு கூட அங்கே இருக்கும் மனிதர்களின் நிழலும் வந்து விழுகிறது என்பதை அவர்கள் மெதுவாகத்தான் கவனித்தார்கள். பகோடாவின் படியை ஒரு பெண் தினமும் பெருக்கினாள், அவளுக்குத் துடைப்பக்காரி என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரம் அவளைக் காணவில்லை, உலகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரம் அவள் கையில் கட்டுப்போட்டு வந்து ஒற்றைக் கையால் பெருக்கியபோது பாழ்பாத்தியில் உட்கார்ந்திருந்த பத்துப் பெண்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். அன்றுதான் அமலோற்பவத்துக்கு ஒன்று புலப்பட்டது. பத்தாவது கட்டடத்தின் பெயர் தெரிந்தால், அதன் வாசலில் இன்னாசியின் நிழலும் விழும். உயிரோடு இருந்தால் விழும்.

சரியாக அந்த நேரத்தில்தான் கோயில் கமிட்டியும் ஒரு தீர்மானத்துக்கு வந்தது. பதினோரு வருடமாக ஒரே பெயர் நீல நோட்டில் கிடக்கிறது, இது ஜெபத்துக்கே மரியாதை இல்லை, வரும் திருவிழாவில் கறுப்பு நோட்டுக்கு மாற்றிவிடலாம் என்றார்கள். புதிதாக வந்திருந்த அருளப்பன் சாமியார் அவளைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"உசிரோட இருக்கிறவுகளை எப்படிச் சாமி பெட்டியில வைக்கிறது?"

"இருக்கிறார்னு தெரியுமாம்மா?"

"தெரியாது. இல்லன்னும் தெரியாதே."

"பதினாலாம் தேதி காலையில வந்து எனக்கொரு பதில் சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன்" என்றார் சாமியார்.

அதன் பிறகு ஊரே அந்தப் பத்தாவது தொங்கலைக் கண்டுபிடிப்பதில் இறங்கியது. சின்னக் கட்டடம், தாழ்ந்த கூரை, முன்னால் இரண்டு ஜன்னல், நடுவில் கதவு, கதவுக்கு மூன்று படி, ஒரு பக்கத்தில் புகைபோக்கி. பழைய காலண்டர்களைக் கொண்டுவந்தார்கள். தபால்தலை ஆல்பங்களைக் கொண்டுவந்தார்கள். சினிமாப் பாட்டுகளில் நாயகனும் நாயகியும் பனியில் கட்டிப்பிடித்து உருளும்போது பின்னால் இரண்டு விநாடி தெரிகிற கட்டடங்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இது அதுதான் என்று பந்தயம் கட்டினார்கள். வலை வியாபாரி ரொசாரியோ, வியன்னாவில் ஒரு ராஜாவின் வேட்டை மாளிகை இதுவே என்று மாதாமேல் சத்தியம் செய்தார். அரண்மனை, நாடகக் கொட்டகை, பாராளுமன்றம், கலங்கரை விளக்கத்துக் காவல் வீடு என்று வந்த பெயர்களையெல்லாம் அவள் பாழ்பாத்தியில் நின்று, தொங்கலைத் தொட்டு, ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். அறுபத்துமூன்று பெயர் சொன்னாள். வெயில் அசையவில்லை.

ஜூலைக் கடைசியில், தொட்டுத் தொட்டுத் தேய்ந்த வளையம் அறுந்து அந்தப் பத்தாவது தொங்கல் கஞ்சிப் பானைக்குள் விழுந்தது. அதை எடுத்துக் கழுவிக்கொண்டு பஜாரில் நாகலிங்க ஆசாரியிடம் பற்றவைக்கப் போனாள். அவர் அதைக் கையில் வாங்கினார், திருப்பினார், உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார், பக்கத்தில் மற்ற ஒன்பதையும் உரசிப் பார்த்தார்.

"யக்கா, இதையும் வெளிநாட்டுல வாங்கினதுன்னா நினைச்சுக்கிட்டு இருக்கீய?"

"ஏன், என்ன?"

"அந்த ஒம்பதும் அச்சுல அடிச்சது. அந்தந்த ஊருக்குப் போற ஆயிரம் பேரு வாங்கிட்டுப் போயிருப்பான். தங்கமும் வெளுப்பு. இது நம்ம ஊரு தங்கம், செம்பு கலந்த சிவப்பு. எங்கப்பா கல்யாண மோதிரத்துக்குப் போடுற கலவை இது, எனக்குத் தெரியாதா? யாரோ இதை உருக்கி, கையால தட்டிச் செஞ்சிருக்கான். இந்த மாதிரி உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கும்."

மோதிரம் என்ற சொல்லில் அவள் நின்றுவிட்டாள். இன்னாசியின் கல்யாண மோதிரத்தை அடித்தவர் இதே கடையில் இவருடைய அப்பாதான். ஆசாரி என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல் விழித்தார். பற்றவைத்ததற்கு வேண்டாம் வேண்டாம் என்று கூலியும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அடுக்களையில் உட்கார்ந்தபோது, எப்போதும் தெரிந்திருந்த ஒன்று மெல்ல அவள் முன்னால் வந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இன்னாசி பலகையில் மாவைப் பரத்தி, தான் கட்டப்போகும் வீட்டை விரலால் கீறிக் காட்டுவார். அடுக்களை பின்னால் இருக்கக்கூடாது, தெருவைப் பார்த்து இருக்கணும், ரெண்டு ஜன்னல், தெருவுல போறவனுக்கு வாசனை போகணும், மூணு படி, பக்கத்துல புகைபோக்கி. மாவைத் தட்டி ரொட்டி போட்டதும் அந்த வீடு அழிந்துவிடும். அவளும் எத்தனையோ தடவை தன் கையாலேயே அதை உருட்டிச் சப்பாத்திப் பலகையில் தேய்த்திருக்கிறாள்.

ஊரெல்லாம் மாளிகை மாளிகையாகத் தேடியது, அவளும்தான். முதல் ஒன்பதும் உலகம் அறிந்த கட்டடங்களாக இருந்ததால் பத்தாவதும் அப்படித்தான் என்று நம்பினாள். வேறு கரையில் வீடு கட்டிக்கொண்டதை நேரே சொல்லத் தைரியமில்லாத மனுஷன், பழகிய விளையாட்டிலேயே ஒரு விடுகதை போட்டு அனுப்பியிருக்கிறார், அதுவும் அவர் விரலில் அவள் போட்ட மோதிரத்தை உருக்கி. பெயர் இப்போது அவள் நாக்கு நுனியில் இருந்தது. பன்னிரண்டு நாள் அதைச் சொல்லாமல் வைத்திருந்தாள். கஞ்சி காய்ச்சினாள், பகோடாவையும் மணிக்கூண்டையும் விழச்செய்தாள், யார் கேட்டாலும் இன்னும் கிடைக்கவில்லை என்றாள், அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் இறந்திருக்கட்டும் என்று ஒருதரமும், அப்படி நினைத்ததற்காக மாதாவிடம் ஒருதரமும் மாறி மாறி அழுதாள்.

பதின்மூன்றாம் தேதி மத்தியானம், கஞ்சி ஊற்றி முடிந்ததும், பாழ்பாத்தியின் நடுவில் போய் நின்றாள். பத்துப் பெண்களும் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் தொங்கலைத் தொட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "இன்னாசி வீடு" என்றாள்.

நிழல் விழுந்தது. சின்ன நிழல், ஐந்து பேர் நெருக்கி உட்காரலாம், அவ்வளவுதான். தாழ்ந்த கூரை, இரண்டு ஜன்னல், மூன்று படி. புகைபோக்கியின் நிழலிலிருந்து புகையின் நிழல் மெல்லியதாகக் கிளம்பி உப்புமேல் நெளிந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது, ஒரு ஆண் வெளியே வந்தார். அண்டா தூக்கித் தூக்கி இடது தோள் உயர்ந்துபோன ஆள். கையில் கரண்டி. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, தலையை அண்ணாந்து நக்கிப் பார்த்தார். உலகத்தில் அப்படி ருசி பார்க்கிறவர் ஒருவர்தான். பிறகு இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது, அதன் பின்னால் ஒரு பெண் வந்தாள், தன் உடுப்பின் ஓரத்தை எடுத்து அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தாள், துடைத்த கையை அவர் தோளிலேயே வைத்துக்கொண்டாள்.

அமலோற்பவத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. ஆள் இருக்கிறார், மூச்சு இருக்கிறது, சமைக்கிறார். அந்த நிம்மதி முதலில் வந்ததே என்பதில்தான் அவளுக்குக் கோபம் வந்தது, பதினோரு வருடத்துக் கோபமும் ஒன்றாக வந்தது. தன் வயிற்றில் ஒன்று தங்காமல் போனதும், அவர் அதைப்பற்றி ஒருநாளும் வாயைத் திறக்காததும், எல்லாம் சேர்ந்து வந்தது. அவள் தொங்கலைப் பொத்தினாள். பாத்தியில் மறுபடியும் வெயில் மட்டும் கிடந்தது.

 உலகம்மாள்தான் வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"யக்கா, செத்துட்டாவுகன்னு எழுதச் சொல்லிருங்க. நாங்க பத்துப் பேரும் ஒண்ணும் பாக்கல. ஏட்டி, யாராவது எதையாவது பாத்தீங்களா?"

"நாங்க எங்க பாத்தோம்?" என்றார்கள் பெண்கள்.

"பெட்டிக்குள்ள சட்டையைப் போட்டு ஆணி அடிங்க. உங்க கையாலயே அடிங்க. மனசு ஆறும்."

அன்று முழுவதும் அவள் அந்த ஆணியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மூடி, அதற்குள் அவருடைய கட்டம் போட்ட சட்டை, நான்கு மூலைக்கும் நான்கு ஆணி, ஊர் அழும், அவள் கறுப்புச் சேலை கட்டுவாள், எல்லோரும் மரியாதையாக வழிவிடுவார்கள். நினைக்க நினைக்க இனித்தது. அலமாரியிலிருந்து சட்டையை எடுத்துக்கூட வைத்துவிட்டாள். ஆனால் எடுத்துப் பிடித்தபோது, அதன் இடது தோள் தையல் மட்டும் தேய்ந்து மெலிந்திருப்பதைப் பார்த்தாள். இந்தத் தோள்மேல் இப்போது ஒருத்தியின் கை இருக்கிறது, இந்தக் காலை ஒரு குழந்தை கட்டிக்கொண்டிருக்கிறது, அப்படியிருக்க எதற்கு ஒரு பொய்ப் பெட்டியை ஊர் தூக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சட்டையை மடித்து, அடுப்படியில் கரித்துணி வைக்கிற இடத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை அருளப்பன் சாமியார் இரண்டு நோட்டுகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, கறுப்பு நோட்டைத் திறந்து, பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் நின்றபடியே நீல நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சாமி, சிவப்புப் பென்சில்."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "யாரம்மா வந்தது? அவர் எங்கே?"

"கரையேறிட்டார், சாமி."

அவர் வாயைத் திறந்தார், ஊர் வழக்கம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தார். இன்னாசிமுத்து மோத்தா என்ற பெயரின்மேல் அவள் ஒரு கோடு இழுத்தாள், முந்தைய ஒன்பது கோடுகளையும்போல நேராகவே வந்தது. பென்சிலை அவர் கையில் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் விரல் விடமாட்டேன் என்றது, அவரும் பிடுங்காமல் காத்திருந்தார்.

பெயரை அடித்தால் பாயசம் காய்ச்சத்தான் வேண்டும். அமலோற்பவம் பாசிப்பயறை வறுத்து, வேகவைத்து, வெல்லம் போட்டு, பெரிய பானை நிறையக் காய்ச்சி, கஞ்சிக்குப் பதிலாக அதை உப்பளத்துக்குச் சுமந்து வந்தாள். பானையைப் பார்த்ததும் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"யக்கா, இன்னிக்கு எந்த நிழல்?" என்று உலகம்மாள் தயங்கிக்கொண்டே கேட்டாள்.

அமலோற்பவம் பத்தாவது தொங்கலைத் தொட்டு, நேற்றைவிடச் சத்தமாக, "இன்னாசி வீடு" என்றாள். நிழல் விழுந்ததும் யாரும் அதில் கால் வைக்கத் துணியவில்லை, அவளே முதலில் போய் மூன்று படிகளின் நிழலில் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள், பிறகு ஒவ்வொருத்தியாக வந்து ஒருத்தி மடியில் ஒருத்தி இடிக்க, நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. இரட்டைச் சடைக்காரி வாசலுக்கு வந்து, ஏதோ எண்ணுகிறவள் மாதிரி ஒற்றைக் காலில் படி படியாகத் தாண்டி இறங்கி, உலகம்மாளின் தலைமேல் ஏறி, அந்தப் பக்கம் போனாள்.

அமலோற்பவம் முதல் டம்ளரை ஊற்றினாள். கரையேறியவருக்கான டம்ளர் அது. பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவில் உயர்ந்த தோளோடு அந்த ஆளின் நிழல் வந்து நின்றது, கரண்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் ருசி பார்த்தது. அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே சற்று நேரம் பார்த்தாள், பிறகு உதட்டுக்குக் கொண்டுபோய், சூடு பொறுக்கப் பொறுக்க, நிறுத்தாமல், அடிவண்டல்வரை தானே குடித்தாள். டம்ளரைக் கழுவி, அடுத்ததை உலகம்மாளுக்கு ஊற்றினாள்.